எலும்புத்தசை நாரின் உள்ளமைப்பு: கறித்துண்டில் தொடங்கி சார்கோமியர் வரை

கறியை நன்றாக வேகவைத்துப் பிய்த்தால் நார் நாராக வருகிறதே, அந்த நார் தசை நார் அல்ல. விரலில் தட்டுப்படும் அந்த இழை நூற்றுக்கணக்கான நார்கள் சேர்ந்த ஒரு கட்டு. உண்மையான தசை நாரின் தடிமன் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை, ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அந்த ஒரு நார்தான் ஒரு செல். இந்த அளவுக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொண்டால் மீதிப் பாடம் தானாக விளங்கும்.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. விளையாட்டுச் செய்திகளில் 'தசைநார் கிழிவு' என்றால் பெரும்பாலும் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட்டைச் சொல்கிறார்கள். வேறு சில இடங்களில் அதே சொல் தசையை எலும்போடு பிணைக்கும் டென்டனைக் குறிக்கிறது. இங்கே டென்டனுக்குத் தசைநாண், கண்ணுக்குத் தெரியும் கட்டுக்குக் கற்றை, தனிச் செல்லுக்கு நார், அந்தச் செல்லுக்குள் நிறைந்திருக்கும் கம்பிகளுக்கு நுண்ணிழை, நுண்ணிழைக்குள் இருக்கும் புரதத்துக்கு இழை என்று வைத்துக்கொள்வோம். அளவில் பெரிதிலிருந்து சிறிதுக்குப் போகும் வரிசையும் இதுவே.

தேவையானவை

எலும்போடும் தோலோடும் வாங்கிய கோழி நெஞ்சுக்கறி, 40 மடங்கு பொருளருகு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், கண்ணாடி வில்லைகள், மூடுவில்லைகள், புதிய பிளேடு, கூர்மையான இடுக்கி, இரண்டு ஊசிகள் (தையல் ஊசியைப் பென்சில் முனையில் செருகினாலும் போதும்), 1 சதவீத மெத்திலீன் நீலம், வெள்ளை வினிகர், 0.9 சதவீத உப்புக்கரைசல். கரைசலுக்கு 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 0.9 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்புச் செறிவு குறைந்த நீரில் நார் ஊதிப் பருக்கும், நாரின் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும் குறுக்குவரிகள் மங்கிவிடும்.

பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்புண்டு. கையுறை, தனிப் பலகை, முடிந்ததும் பிளீச்சிங் கரைசலில் துடைப்பு. இதற்கு எடுத்த கறியைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

படி 1: கறியை எப்போது வெட்டுவது

பலரும் சறுக்குவது இங்கேதான். அறுத்த கையோடு கொண்டுவந்த கறியில் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) இன்னும் மிச்சம் இருக்கும். எலும்பிலிருந்து வெட்டி எடுத்ததும் நார் சுருங்கி, வரிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். ஏடிபி தீர்ந்தபின் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்தபடி விடாமல் நின்றுவிடுகின்றன. பிணம் விறைப்பதும் இதனால்தான். அப்போது நார் எந்த நீளத்தில் இருந்ததோ அதே நீளத்தில் உறைந்துவிடும். ஆகவே தசை எலும்பில் ஒட்டி இழுபட்ட நிலையிலேயே விறைக்கட்டும். எலும்போடு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வெட்டுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தது ஆகாது. மெதுவாக உறையும்போது வளரும் பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழிக்கும். விறைக்கும் முன்பே உறைய வைத்த கறியை உருக்கினால், சுருக்கத்தைத் தூண்டும் கால்சியம் ஒரேயடியாக வெளியே வந்து நார் கடுமையாகச் சுருங்கும்.

படி 2: வெறும் கண்ணால் பார்க்க வேண்டியவை

நெஞ்சுக்கறியின் உட்புறம், எலும்பை ஒட்டி, தனியாகக் கழன்று வரும் ஒரு சிறு நீளத் துண்டு இருக்கும். நடுவே பளபளக்கும் வெள்ளை நாண் ஓடும். பறவையின் இறக்கையை மேலே தூக்கும் தசை இது. கற்றைகள் நாணுக்கு இணையாக ஓடாமல், இறகின் தூவிகள்போல இருபுறமும் சாய்ந்து வந்து சேர்வதைக் கவனியுங்கள். இப்படிச் சாய்ந்தால் அதே இடத்தில் அதிக நார்களை அடுக்கலாம். விசை கூடும், சுருங்கும் தூரம் குறையும்.

தசையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை இடுக்கியால் உரித்துப் பாருங்கள். அது வெளியுறை. பின்பு தசையைக் குறுக்காக வெட்டினால் வெள்ளைக் கோடுகள் வலைபோலத் தெரியும். அவை கற்றையுறைகள். ரத்தக்குழாயும் நரம்பும் இந்தக் கோடுகளின் வழியாகவே உள்ளே போகின்றன. மூன்றாவது உறை ஒவ்வொரு நாரையும் தனித்தனியாகச் சுற்றியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. மூன்று உறைகளும் தசையின் முனையில் சேர்ந்து நாணாக மாறுவதால்தான் நார் இழுக்கும் விசை எலும்புக்குப் போய்ச் சேருகிறது.

இந்த உறைகள் பெரும்பாலும் கொலாஜன். அதன் மூவிழைத் திருகு அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். தசை எப்படிச் சுருங்குகிறது என்ற விடை வெளியானதும் அதே ஆண்டில்தான், அதற்குக் கீழே வருவோம். கறி வேக வேகக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைவதால்தான் கற்றைகள் பிரிந்து 'நார் நாராக' வருகின்றன.

படி 3: நாரைப் பிரித்தெடுத்தல்

நாரின் திசையிலேயே பிளேடை ஓட்டி, 1 சென்டிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கீற்றை எடுங்கள். வில்லையில் இரண்டு சொட்டு உப்புக்கரைசல் விட்டு அதில் வையுங்கள். ஒரு ஊசியால் கீற்றின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, மறு ஊசியால் அந்த முனையிலிருந்தே நீளவாக்கில் பிளந்துகொண்டு வாருங்கள். இரண்டாய்ப் பிளந்ததை நான்காக, நான்கை எட்டாக. குறுக்கே குத்தினால் நார் நொறுங்கித் துண்டு துண்டாகும். கூழ்போல ஆகிவிட்டதென்றால் ஊசி மழுங்கியிருக்கிறது, அல்லது அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

வெள்ளைக் காகிதத்தின் மேல் வில்லையை வைத்துப் பாருங்கள். கீற்று தெளிவாகத் தெரிந்தால் அது இன்னும் தடிமன். இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்கு வந்ததும் மூடுவில்லையை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள்.

கிளிசரின் ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். சாயமிடாத நாருக்கு அது சரிவராது. கிளிசரினில் ஒளிவிலகல் வேறுபாடு குறைவதால் வரிகள் மறைந்துபோகும்.

படி 4: மைக்ரோஸ்கோப்பில் வரிகளைப் பிடித்தல்

முதலில் 10 மடங்கு லென்ஸில் கற்றையின் கிழிந்த ஓரத்தைத் தேடுங்கள். அங்கேதான் தனி நார் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு 40க்கு மாறி, கண்டென்சர் திரையை (வில்லைக்குக் கீழே ஒளி வரும் துளையை) பாதிக்கு மேல் மூடுங்கள். வெளிச்சம் குறைகிறதே என்று அதைத் திறந்து வைப்பதால்தான் பாதிப் பேருக்கு வரிகள் தெரிவதில்லை. குவியத்தை மிகமிக மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் நாரின் குறுக்கே ஏணிப்படிபோல வெளிர், அடர் பட்டைகள் எழும். வெளிர்ந்தது ஐ பட்டை, அடர்ந்தது ஏ பட்டை.

இதைவிடச் சிறிய எதையும் எளிதில் பார்க்க முடியாது. 40 மடங்கு லென்ஸின் எண் துளை (எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்கும் என்பதன் அளவு) 0.65 என்றால் அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர். திரும்பத் திரும்ப வரும் இந்தப் பட்டை அமைப்பின் ஒரு அலகான சார்கோமியர் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர், ஆகவே பட்டைகள் தெரியும். ஐ பட்டையின் நடுவே ஓடும் இசட் கோட்டைப் பார்க்க எண்ணெய் லென்ஸும் நல்ல தயாரிப்பும் வேண்டும். இழைகளைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான்.

அளவெடுக்க அளவுகோல் லென்ஸ் இல்லையா? கண்ணருகு லென்ஸின் பக்கத்தில் 18 என்று புல எண் எழுதியிருந்தால் அதை 40ஆல் வகுங்கள்: புலத்தின் விட்டம் 0.45 மில்லிமீட்டர். புலத்தில் ஒன்பதில் ஒரு பங்கை ஒரு நார் அடைத்தால் அதன் தடிமன் 50 மைக்ரோமீட்டர். அந்த நாருக்குள் 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழைகள் ஏறக்குறைய 2,000 அடங்கும். ஒவ்வொரு நுண்ணிழையும் தனித்தனியே வரியிட்டது. அத்தனையும் பக்கத்துப் பக்கத்தில் வரி பிசகாமல் நிற்பதால்தான் நார் முழுக்க ஒரே பட்டையாகத் தெரிகிறது. பக்கத்து இசட் தட்டுகளை (பக்கவாட்டில் பார்க்கும்போது இவைதான் இசட் கோடு) பிணைத்து இந்த ஒழுங்கைக் காப்பது டெஸ்மின் என்ற புரதம்.

நார் அல்லாதவையும் கண்ணில் படும். அலையலையாக, வரியில்லாமல் ஓடுவது கொலாஜன். கறுத்த ஓரத்தோடு உருண்டையாக இருப்பது காற்றுக்குமிழி. ஓரம் மெலிந்து பளபளக்கும் உருண்டை கொழுப்பு. நார்களுக்கு இடையே நீள்வட்டச் செல்கள் வரிசை கட்டி நின்றால் அது ரத்த நுண்குழாய். பறவையின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு என்பதால் அதை நார் உட்கரு என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 5: உட்கருக்கள்

கடையில் விற்கும் வினிகரில் 4 அல்லது 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து, மூடுவில்லையின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளால் உறிஞ்சுங்கள். அமிலத்தில் நார் தெளிந்து வரிகள் மங்கும், உட்கருக்கள் துலங்கும். மெத்திலீன் நீலம் வேண்டுமானால் இரண்டு நிமிடம் விட்டு உப்புக்கரைசலில் கழுவுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் எல்லாமே நீலமாகி ஒன்றும் தெரியாது. வரிக்கும் உட்கருவுக்கும் தனித்தனி வில்லை போடுவது நல்லது. ஒரே வில்லையில் இரண்டையும் பிடிக்க முயல்வது நேர விரயம்.

உட்கருக்கள் நீண்டு, சவ்வை ஒட்டி ஓரத்தில் படுத்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் நாரில் பல பத்து உட்கருக்கள். கருவளர்ச்சியில் மயோபிளாஸ்ட் எனும் செல்கள் ஒன்றோடொன்று இணைந்தே ஒரு நார் உருவாவதால் இத்தனை. நடுவெல்லாம் நுண்ணிழைகள் நிறைந்துவிடுவதால் உட்கருக்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. மனிதத் தசைத் திசு ஆய்வில் பல உட்கருக்கள் நடுவில் தென்பட்டால் அந்த நார் சிதைந்து மீண்டும் வளர்ந்திருக்கலாம் என்று நோயியலாளர் ஐயப்படுவார்.

நார் உட்கரு இரட்டிப்பதில்லை. காயத்துக்குப் பின் புதிய உட்கருக்களைத் தருபவை சாட்டிலைட் செல்கள். நாரின் சவ்வுக்கும் அதன் மேலுறைக்கும் இடையே ஒட்டிக்கிடக்கும் இவற்றை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வழியாகக் கண்டு விவரித்தார். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

படி 6: லேசர் கொண்டு சார்கோமியரை அளத்தல்

ஒரே சீரான வரிகள் ஒளிக்குக் கீற்றணிபோல, அதாவது ஒளியைக் குறிப்பிட்ட கோணங்களில் பிரித்துவிடும் நெருக்கமான கோடுகள்போல, நடந்துகொள்ளும். 100 மில்லி நீரில் 6.8 கிராம் சர்க்கரை கரைத்து, மெலிதாகப் பிரித்த நார்களை அதில் வைத்து மூடுவில்லை போடுங்கள். வில்லையைச் செங்குத்தாக நிறுத்தி, 10 சென்டிமீட்டர் பின்னால் வெள்ளை அட்டை வையுங்கள். 5 மில்லிவாட்டுக்கு மேற்படாத, 532 நானோமீட்டர் பச்சை லேசரை நார் வழியாக அட்டையின் மேல் பாய்ச்சுங்கள். லேசரை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

நடுப்புள்ளியின் இருபுறமும், நாரின் திசையில், இரண்டு மங்கலான கீற்றுகள் விழும். நடுப்புள்ளியிலிருந்து கீற்றுக்கு உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு 100ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதே தூரத்தால் வகுத்து, 0.532ஆல் பெருக்கினால் சார்கோமியர் நீளம் மைக்ரோமீட்டரில் வரும். தூரம் 2.5 சென்டிமீட்டர் என்றால் 2.19. தூரம் 3.5 என்றால் 1.6: தசை முழுக்கச் சுருங்கிய நிலையில் விறைத்திருக்கிறது, ஐ பட்டையே இருக்காது. அந்தக் கறி வெந்தாலும் கடினமாகவே இருக்கும்.

கீற்றுக்குப் பதிலாக வெறும் ஒளிப்புகை பரவினால் கட்டு தடிமன், அல்லது நார்கள் பல திசையில் கிடக்கின்றன.

மைக்ரோஸ்கோப் காட்டாதது

ஒரு இசட் தட்டிலிருந்து அடுத்த இசட் தட்டு வரை ஒரு சார்கோமியர். நடுவே 1.6 மைக்ரோமீட்டர் நீளமும் 15 நானோமீட்டர் தடிமனும் கொண்ட தடித்த இழைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 மயோசின் மூலக்கூறுகளின் கட்டு. தலைகள் இரு முனைகளை நோக்கி நீட்டியிருக்கும், நட்டநடுவில் தலையே இல்லாத வெற்றிடம் இருக்கும். இசட் தட்டிலிருந்து உள்நோக்கி வருபவை மெல்லிய ஆக்டின் இழைகள், தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர், நீளம் தவளையில் 1 மைக்ரோமீட்டர், மனிதரில் சற்று அதிகம். குறுக்குவெட்டில் ஒவ்வொரு தடித்த இழையையும் ஆறு மெல்லிய இழைகள் சூழ்ந்திருக்கும்.

ஆக்டின் இழையின் மேல் ட்ரோபோமயோசின் என்ற கயிறு படுத்திருக்கிறது. ஒரு கயிறு ஏழு ஆக்டின்களை மறைக்கும், அதில் ஒரு ட்ரோபோனின் தொகுதி ஒட்டியிருக்கும். கால்சியம் அந்தத் தொகுதியின் ஒரு பாகமான ட்ரோபோனின் சியைப் பற்றியதும் கயிறு நகர்ந்து, மயோசின் தலைக்கு இடம் விடும்.

மூன்றாவது இழையைப் பல பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, அது நியாயமில்லை. டைட்டின் இசட் தட்டிலிருந்து சார்கோமியரின் நடுக்கோடு வரை ஒரே மூலக்கூறாக, 1 மைக்ரோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மனித உடலின் புரதங்களில் மிகப் பெரியது, 34,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். தடித்த இழையை நடுவில் நிறுத்துவதும், இழுத்த தசையை வில்சுருள்போலத் திரும்ப இழுப்பதும் இதன் வேலை. காலை நீட்டிக் குனியும்போது பின்தொடையில் உணரும் தடையில் உறைகளின் கொலாஜனுக்கும் டைட்டினுக்கும் பங்கு உண்டு.

1954 மே மாதம் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்ல. இரண்டும் சொன்னது ஒன்றே: சுருங்கும்போது ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை. இழைகள் சுருளவில்லை, ஒன்றினுள் ஒன்று சறுக்குகின்றன.

இதைக் கணக்கில் பாருங்கள். 3 சென்டிமீட்டர் நீள நாரில், சார்கோமியர் 2.2 மைக்ரோமீட்டர் என்றால், ஏறக்குறைய 13,600 சார்கோமியர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 0.4 மைக்ரோமீட்டர் சுருங்கினால் நார் 5 மில்லிமீட்டருக்கும் மேல் குறுகும்.

சமிக்ஞை உள்ளே போகும் வழி

நாரின் மேற்பரப்பில் ஓடும் மின் அலை நடுவில் இருக்கும் நுண்ணிழைக்கு எப்படி எட்டும்? சவ்வு விரல்போல உள்ளே மடிந்து டி குழாய்களாக நாரைக் குறுக்கே துளைத்துச் செல்கிறது. ஒவ்வொரு டி குழாயின் இருபுறமும் கால்சியம் சேமித்த சார்கோபிளாச வலையின் பருத்த பைகள் ஒட்டி நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்ததே மும்மை. டி குழாயில் உள்ள மின்னுணர் புரதம் நேரடியாகத் தள்ளிப் பையிலிருந்து கால்சியம் வெளியேறும் ரையனோடின் வாயிலைத் திறக்கிறது. இதயத் தசையில் இப்படியில்லை, அங்கே வெளியிலிருந்து கால்சியம் நுழைந்தாக வேண்டும். கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றும் பம்ப் ஒரு ஏடிபிக்கு இரண்டு அயனிகள் வீதம் செலவழிக்கிறது. தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பது இதனால்.

ரையனோடின் வாயிலில் மரபுப் பிழை இருப்பவருக்கு ஹாலோதேன் போன்ற மயக்க வாயுக்களோ தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினோ கொடுத்தால் வாயில் மூடாமல் கால்சியம் கொட்டும், உடல் வெப்பம் அபாயகரமாக ஏறும். டான்ட்ரோலீன் என்ற மருந்து அந்த வாயிலை அடக்குகிறது. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் இப்படி நேர்ந்திருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லியே ஆக வேண்டும்.

சவ்வின் உட்புறத்தில் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் ஒரு கொக்கிபோல செல்லின் உட்சட்டகத்தை நாரைச் சுற்றிய உறையோடு பிணைக்கிறது. இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணைகள், 79 எக்ஸான்கள் (புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் துண்டுகள்). அந்த நீளமே பிழை நேர வாய்ப்பைக் கூட்டுகிறது. மரபணுவில் ஒரு துண்டு நீங்கி, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டத்தைக் கலைத்தால் டுஷேன் தசைச்சிதைவு, கலைக்காமல் புரதத்தைக் குறுக்கினால் பெரும்பாலும் அதைவிட மெல்ல முற்றும் பெக்கர் வகை.

படி 7: ஏடிபியால் சுருங்க வைத்தல்

இது ஆய்வகத்தில் மட்டும். கிளிசரினில் ஊறவைத்த முயல் இடுப்புத் தசை ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். சவ்வு அழிந்து, சுருங்கும் புரதங்கள் மட்டும் மிஞ்சியது அது. 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மிகாத கீற்றுகளாகப் பிரித்து மூன்று வில்லைகளில் வையுங்கள். முதலாவதில் 0.25 சதவீத ஏடிபி மட்டும். இரண்டாவதில் 0.05 மோலார் பொட்டாசியம் குளோரைடும் 0.001 மோலார் மெக்னீசியம் குளோரைடும். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்தது. வில்லையின் கீழே மில்லிமீட்டர் தாள் வைத்து, சொட்டு விடும் முன்பும் ஒரு நிமிடம் கழித்தும் நீளத்தைக் குறியுங்கள். மூன்றாவதில்தான் நன்றாகச் சுருங்கும். எதிலும் சுருங்கவில்லை என்றால் கீற்று தடிமனாக இருக்கும், அல்லது ஏடிபி பழசு. கரைத்த ஏடிபி அறை வெப்பத்தில் விரைவில் வலுவிழக்கும், அன்றன்று கரைக்க வேண்டும்.

நெஞ்சும் காலும்

அதே முறையில் கோழிக்காலையும் பாருங்கள். வெள்ளை நெஞ்சில் வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்கள், மையோகுளோபினும் (ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதம்) மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு. நாள் முழுக்க நிற்கும் காலில் இரண்டும் அதிகம், அதனால் சிவப்பு. நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சே கருஞ்சிவப்பு. மனிதத் தசையில் இரு வகை நார்களும் சதுரங்கப் பலகைபோலக் கலந்தே இருக்கும், கெண்டைக்காலின் சோலியஸ் தசையில் மெதுவகை அதிகம்.

படம் வரையும்போது

மதிப்பெண் போவது பெரும்பாலும் நான்கு இடங்களில். ஐ பட்டையை ஒரே சார்கோமியருக்குள் அடைத்து வரைவது. அது இசட் தட்டின் இருபுறமும், இரண்டு சார்கோமியருக்குப் பாதிப் பாதியாகச் சேரும். சுருங்கிய படத்தில் ஏ பட்டையைக் குறுக்கிக் காட்டுவது; குறுக வேண்டியவை ஐ பட்டையும் எச் பகுதியும் (ஏ பட்டையின் நடுவே மெல்லிய இழை எட்டாத இடம்). ஏ பட்டை அடர்நிறம் என்று எழுதிவிட்டு, துருவ ஒளிப் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் எடுத்த) படத்திலும் அப்படியே குறிப்பது. அங்கே ஏ பட்டைதான் ஒளிரும். கடைசியாக டி குழாயின் இடம்: தவளையில் அது இசட் கோட்டில் நுழையும், பாலூட்டிகளில் ஏ பட்டையும் ஐ பட்டையும் சந்திக்கும் இரு இடங்களில். மனிதத் தசை என்று தலைப்பிட்டுவிட்டுத் தவளையை வரைந்துவைக்காதீர்கள்.